குழு பெருத்தால் குறைகூறலும் பெருகும்: கேள்வி பதில்

கொழும்பில் நலன்புரிச் சங்கமும் நிவாரணக் குழுவும் நீண்ட காலமாக நடத்தி வருகிறேன். சங்கக் குழுக்களில் வரும் திட்டு, விமர்சனம் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு, அந்த அனுபவத்தை வைத்துத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். கேட்டவரின் ஊர்ப்பெயர் கேள்விக்கு முன்னால் இருக்கிறது.

வெள்ளவத்தை: அக்கா, நாற்பது பேராக இருந்தபோது எங்கள் சங்கத்தில் சண்டையே இல்லை. இப்போது எண்ணூறு பேர். என்ன அறிவித்தாலும் திட்டு விழுகிறது. எங்கே பிழைத்தது?

தம்பி, பிழைத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒருவரால் ஆளறிந்து உறவு பேணக்கூடிய தொகை ஏறத்தாழ 150 என்று மானிடவியலாளர் ரொபின் டன்பார் 1990களில் கணக்கிட்டார். நாற்பது பேருக்கும் உங்களைத் தெரியும். ‘நாளை கூட்டம் இல்லை’ என்று ஒற்றை வரி போட்டால், வீட்டில் யாருக்கோ சுகமில்லையாக்கும் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். எண்ணூறு பேரில் பெரும்பாலானோர் அந்த வரியை வைத்துத்தான் உங்களை எடைபோடுகிறார்கள். ஆகவே ஏன் இல்லை, யார் முடிவெடுத்தது, அடுத்தது எப்போது என்பதையும் எழுதுங்கள். பாதித் திட்டு அதோடு நின்றுவிடும்.

மீதித் திட்டைக் கவனமாக வாசியுங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கின. அந்த நாட்களில் எங்களை மிக மோசமாக ஏசிய ஒருவர், ஏச்சுக்கு நடுவே ஓர் ஒழுங்கையின் பெயரைச் சொன்னார். அங்கே யாரும் போயிருக்கவில்லை. அன்று மாலையே சாப்பாடு போனது. அவருடைய தொனிக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருந்தால் அந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்காது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: திட்டியவரின் செய்தியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு குழுவில் போடாதீர்கள். இருவருக்குள் முடிய வேண்டியது இரண்டு குடும்பத்துக்குப் பகையாகிவிடும்.

கொட்டாஞ்சேனை: ‘காசு எங்கே?’ என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்கிறார். என் நேர்மையைச் சந்தேகிக்கிறார் அல்லவா?

காசு கொடுத்தவர் கேட்கிறார், அம்மா. வரவு, செலவு, மீதி, பற்றுச்சீட்டு: இந்த நான்கையும் அதே இடத்தில் போடுங்கள். மாதா மாதம் கேட்காமலே போட்டால் இன்னும் நல்லது. ‘என்னைத் தெரியாதா?’ என்று மட்டும் எழுத வேண்டாம். உண்மையிலேயே அவருக்கு உங்களைத் தெரியாது.

தெஹிவளை: அட்மின் மட்டும் எழுதும்படி வாட்ஸ்அப் குழுவைப் பூட்டலாமா?

அறிவித்தல் குழுவைப் பூட்டலாம். ஆனால் கேள்வி கேட்க இன்னொரு வழி திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சு நீங்கள் இல்லாத குழுவுக்குப் போய்விடும். 2022க்குப் பிறகு ஒருவர் விலகினால் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும்; மற்றவர்கள் கவனிக்காமலே ஆட்கள் கழன்றுவிடுவார்கள். அட்மின் ஒருவருடைய செய்தியை அழித்தால், யார் அழித்தார் என்பது குழு முழுவதற்கும் தெரியும்.

பம்பலப்பிட்டி: குழுவைப் பூட்டினால் பிரச்சினை தீருமா?

மேலே பாருங்கள்.

வெள்ளவத்தை, இன்னொருவர்: இதற்கெல்லாம் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறதே. ஒரு முறைப்பாடு போட்டால் வாய் மூடிவிடுவார்கள்.

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த வந்த 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று ஊடக அமைப்புகளே எதிர்த்தன. பொருளாளரிடம் கணக்குக் கேட்டவர் மீது அதைத் தூக்குவது பெரிய அநியாயம்.

அவரே: அப்படியானால் எங்கள் மானத்துக்குப் பாதுகாப்பே இல்லையா?

இருக்கிறது. அவதூறைக் குற்றமாக்கிய பிரிவுகளை இலங்கை 2002இல் நீக்கியது. ஆனால் சிவில் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கும் வழி இன்றும் உண்டு. அதற்கும் முதல், பொய் என்றால் ஆவணத்தைக் காட்டி ஒரே ஒரு தடவை மறுத்து எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை: நானும் அவர் பக்கம்தான். கொலை மிரட்டல் வந்தாலும் ஆவணம் காட்டவா?

இல்லை, மிரட்டல் விமர்சனமே அல்ல. உடனே பொலிசுக்குப் போங்கள். சமூக ஊடகக் கணக்கு முடக்கம், படம் திரிப்பு என்றால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101ஐ அழையுங்கள். ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டியது அப்போதுதான், அதுவும் முறைப்பாட்டுக்கு மட்டும். ‘தலைவருக்குக் கணக்குத் தெரியாது’ என்று ஒருவர் எழுதியதையும் ‘வீட்டுக்கு வருவேன்’ என்று எழுதியதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் உண்மையான மிரட்டல் வரும் நாளில் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

அவரே: சட்டம் எதற்குத்தான் இருக்கிறது?

என் பதிலைச் சொல்லிவிட்டேன். மேற்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கல்கிசை: கணவர்தான் செயலாளர். இந்தப் பேச்சுகளால் வாரக்கணக்கில் நித்திரையில்லை.

பிள்ளை, கொஞ்ச நாளைக்குப் பதில் எழுதும் வேலையை நிர்வாக சபையில் வேறொருவர் எடுக்கட்டும். நித்திரைக்கு வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926ஐயும் அழைக்கலாம். தள்ளிப்போட வேண்டாம்.

தெஹிவளை: அப்படியென்றால் பூட்டுவது நல்லதா, கெட்டதா?

மூன்றாம் தடவை. அறிவித்தலைப் பூட்டுங்கள், கேள்வியைப் பூட்டாதீர்கள்.

கிருலப்பனை: மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?

சரிபார்க்கக்கூடிய தகவல் ஏதும் அதில் இருந்தால் சபையில் வைத்துச் சரிபாருங்கள். இல்லையென்றால் கோப்பில் போட்டுவிடுங்கள். கையெழுத்தை ஒப்பிட்டு ஆள் பிடிக்கப் போகாதீர்கள். அதைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.