சில்வர் டாலர் யூகலிப்டஸை ஹாலில் வைக்கலாமா?

கேள்வி: ஊட்டி போயிருந்தபோது நர்சரியில் வட்ட வட்டமாக, சாம்பல் பூத்த இலைகளோடு ஒரு யூகலிப்டஸ் கன்று வாங்கினேன். கோவையில் மூன்றாவது மாடி ஃபிளாட். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கலவை போட்ட தொட்டிக்கு மாற்றி, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். இரண்டே மாதத்தில் கீழ் இலைகள் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. மேலே வரும் தளிர் ஒல்லியாக, ஜன்னலைப் பார்த்துச் சாய்கிறது. கொசு அண்டாது என்றார்களே என்று ஆசையாக வாங்கியது. காப்பாற்ற முடியுமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் உண்டு.
- வாசகி, கோவை

பதில்: முதலில் தண்டின் அடிப்பக்கத்தில் தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் செடி பிழைக்கும். பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இன்னும் கீழே கீறுங்கள். வேர் வரை பழுப்பென்றால் அதைவிட்டு விடலாம். மேலே தளிர் வந்துகொண்டிருக்கிறது என்கிறீர்கள், அதனால் உங்கள் செடிக்கு உயிர் இருக்கிறது.

காய்ந்த இலைகள் திரும்பப் பச்சையாகாது. துளசியாக இருந்தால் தாகம் எடுத்தவுடன் துவண்டு காட்டும், தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும். யூகலிப்டஸின் முற்றிய இலை தடித்தது, செத்த பிறகும் உருவம் மாறாமல் நிற்கும். அதனால்தான் பொக்கே கடைகளில் இந்தக் கிளைக்கு அத்தனை கிராக்கி. தொட்டியில் வளர்ப்பவருக்கு அதே குணம் வினை, நமக்குத் தெரிய வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இலையை விட்டுவிட்டு நுனிக் குருத்தைக் கவனியுங்கள். தண்ணீர் போதாவிட்டால் அது மட்டும் முன்கூட்டியே தலை கவிழ்க்கும்.

தினமும் தண்ணீர் ஊற்றியும் ஏன் காய்ந்தது? மலை நர்சரிக் கன்றுகள் பெரும்பாலும் இறுகிய செம்மண் உருண்டையோடு வரும். அதை அப்படியே பொலபொலப்பான கோகோபீட்டுக்குள் இறக்கினால், ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி வழிந்து போய்விடும். வெளியே ஈரம், உள்ளே வேர் இருக்கும் இடத்தில் கட்டாந்தரை. ஒரு டம்ளர் தண்ணீர் மேல் இரண்டு அங்குலத்தைத் தாண்டியிருக்கவும் வாய்ப்பில்லை. தொட்டியை வாளித் தண்ணீரில், விளிம்பு வரை மூழ்கும்படி, குமிழ் வருவது நிற்கும்வரை வையுங்கள். அரை மணி நேரம் ஆகலாம். பிறகு வடியவிட்டு, மெல்லிய குச்சியால் உருண்டையில் நாலைந்து இடத்தில் குத்தி விடுங்கள். இனிமேல் தினம் ஒரு டம்ளர் கணக்கு வேண்டாம். விரலால் தொட்டுப் பார்த்து, மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்ததும், அடியில் துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகும். ஊற்றிய பின் ஒரு முறை தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையைப் பழகிக்கொண்டால் அப்புறம் விரலே வேண்டாம்.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீடென்றால் கவலையில்லை. போர் தண்ணீர் என்றால் நாளடைவில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உப்பும் காரத்தன்மையும் ஏறி, மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாத நிலை அது. ஆர்.ஓ. கழிவு நீரைச் சிக்கனம் என்று இதற்கு ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டியதில் மிஞ்சிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது வெளிச்சம். ஒல்லித் தண்டும் இலை இடைவெளியும் சாய்வும் வெயில் போதாததன் அடையாளம். இது உள்ளறைச் செடியே அல்ல, மரம். நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் பகலில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் கூர்மையாக விழாத இடத்தில் யூகலிப்டஸ் நிற்காது. கிழக்குப் பார்த்த பால்கனிதான் அதன் இடம். ஆனால் இன்றைக்கே வெயிலில் தள்ளினால் மெல்லிய தளிர் கருகும். பத்து நாள் அவகாசம் எடுத்து, ஒரு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். மார்ச் முதல் மே வரை மதிய வெயிலுக்கு மட்டும் நிழல்வலை போதும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேரை வேகவைக்கும், மண்தொட்டி நல்லது.

ஊட்டியெங்கும் நிற்கும் தைல மரத்தின் குட்டிதானா இது என்ற சந்தேகமும் பலருக்கு வரும். தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். நாலு விளிம்பாகச் சதுரமாக நெருடினால் அது 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த குளோபுலஸ் என்ற அந்தத் தைல மரம். இளசில் அதற்கும் இலை வெளிறித்தான் இருக்கும், ஆனால் குளிர்மலை மரம், கோவைத் தொட்டியில் தேறாது. தண்டு உருண்டை, இலை நாணயம் போல் ஜோடி ஜோடியாக இருந்தால் சினேரியா, அதாவது நர்சரிக்காரர் சொல்லும் சில்வர் டாலர். அது தாக்குப்பிடிக்கும்.

இப்போது கத்தரி. காய்ந்த கிளைகளை உயிருள்ள பச்சை வரை வெட்டுங்கள். ஒல்லித் தளிரையும் பாதிக்குக் குறையுங்கள், கீழ்க்கணுக்கள் துளிர்க்கும். இலை குறைந்திருப்பதால் தண்ணீரையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். வெட்டிய கையோடு தண்ணீரைக் கொட்டிச் செடியைக் கொல்பவர்கள்தான் அதிகம். புதுத் துளிர் நாலு அங்குலம் வந்த பிறகு தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம், லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், மாதம் ஒரு முறை. அதற்கு முன் எந்த உரமும் வேண்டாம். பிறகு மூன்றடிக்கு மேல் போகவிடாமல் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். வெட்டுப்படும் செடியில்தான் அந்த வட்ட இளம் இலை தொடர்ந்து வரும்.

வேர் தொட்டியைச் சுற்றத் தொடங்கினால் இரண்டு அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் ஒன்று, ஆற்று மணல் ஒன்று, மண்புழு உரம் அரை. வெளிப்புறம் வளையமிட்ட வேரை மட்டும் இரண்டு மூன்று இடத்தில் நறுக்குங்கள், உருண்டையை உடைக்காதீர்கள்.

இலை மேலுள்ள வெள்ளைப் பூச்சு தூசியோ நோயோ அல்ல, மெழுகு. துணியால் துடைத்தால் போய்விடும், அந்த இலையில் திரும்ப வராது. பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளித்தாலும் அதே கதிதான், சிலந்திப்பேன் வந்தால் வெறும் தண்ணீரை இலை அடியில் பீய்ச்சுங்கள். இலையடியில் தக்கை போன்ற சொரசொரப்பான புள்ளிகள் வந்தால் மருந்து தேடி ஓட வேண்டாம். காற்றோட்டமில்லாத ஈரப்புழுக்கத்தில் வேர் அதிகம் உறிஞ்சி, இலைச் செல்கள் வெடித்த தழும்பு அது.

கொசு விஷயத்தில் ஏமாற்றம்தான். எண்ணெய் இலைக்குள் சுரப்பிகளில் அடைபட்டிருக்கிறது, கசக்கினால்தான் வெளியே வரும். சும்மா நிற்கும் செடி கொசுவை விரட்டாது. சளிக்கும் அப்படியே.

குழந்தை, பூனை இருப்பதால் ஒரு எச்சரிக்கை. இலையைத் தின்றால் பூனைக்கு எச்சில் ஒழுகும், வாந்தி வரும், சோர்ந்துவிடும். தைலம் இன்னும் ஆபத்து. ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம், புட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஹாலுக்கு அழகு வேண்டுமென்றால் செடியைக் கொண்டுவர வேண்டாம். கிள்ளிய கிளைகளை ஜாடியில் வையுங்கள், தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். ஜாடி மட்டும் பூனை ஏறாத அலமாரியில் இருக்கட்டும்.