காதல் நாவலாசிரியர் அறிவியல் புனைகதை எழுதினால் எடுபடுமா?

நிச்சயம் எடுபடும், நோரா ராபர்ட்ஸே சாட்சி. காதல் நாவல்களால் பெயர் வாங்கிய அவர், 1995-இல் ஜே.டி. ராப் என்ற புனைபெயரில், 2058-ஆம் ஆண்டு நியூயார்க்கைக் களமாக வைத்து 'இன் டெத்' (In Death) என்ற துப்பறியும் நாவல் தொடரைத் தொடங்கினார். பதிப்பகம் வெளியிடும் வேகத்தை அவர் எழுதும் வேகம் மிஞ்சியதும் புனைபெயருக்கு ஒரு காரணம்.

அந்த எதிர்காலத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது காபிதான். அங்கே அசல் காபி பெரும் பணக்காரர்களுக்கே எட்டும். போலீஸ் அதிகாரி ஈவ் டல்லஸுக்குக் கோடீஸ்வரன் ரோர்க் அதைப் பரிசாக அனுப்புகிறான். காதல் எழுதிப் பழகிய கைக்கே இது வரும்! காட்பாடி ரயில் நிலையத்தில், விரலைச் சுடும் காபியை ஊதிக் குடித்தபடி அந்தப் பக்கத்தைப் படித்தேன். அடியில் தங்கிய கடைசி வாயைக்கூட விட மனம் வரவில்லை.

அறிவியல் விளக்கம் கறாராக வேண்டும் என்பவர்களுக்கு இத்தொடர் போதாது. மனிதர்களுக்காகப் படிப்பவர் என்றால், முதல் நாவலிலிருந்தே தொடங்குங்கள்.