பனி அள்ளினால் மானம் போய்விடுமா?

கேள்வி: பனி கொட்டும் நாட்டில் குடியிருக்கிறோம். 14 வயது மகன், தெருவில் இருக்கும் இன்னொரு பையனோடு சேர்ந்து அக்கம்பக்கத்து வீடுகளில் பனி அள்ளிக் காசு சம்பாதிக்கப் போகிறேன் என்கிறான். என் கணவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. "நான் இவ்வளவு கஷ்டப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது, நீ அடுத்தவன் வாசலைக் கூட்டுவதற்கா?" என்று கேட்டுவிட்டார். பையன் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் யார் பக்கம் நிற்பது? (ஒரு வாசகி)

பதில்: பையன் பக்கம் நில்லுங்கள் அம்மா. அதற்காகக் கணவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தான் பட்ட பாடு பிள்ளைக்கு வரக்கூடாது என்று நினைக்கிற மனிதர் அவர், அந்த நினைப்பில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பனி விழும் ஊர்களில் இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலங்காலமாகச் செய்கிற வேலை. யார் வீட்டுப் பையனும் செய்வான், பெண் பிள்ளைகளும் செய்வார்கள், பணக்கார வீடா ஏழை வீடா என்று யாரும் பார்ப்பதில்லை. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பனிப்புயலுக்கு முன்னால், பனி அள்ளித் தருகிறோம் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களை, ஊர் விதிப்படி இதற்கு அனுமதி வேண்டும் என்று போலீஸ் நிறுத்தியது. விஷயம் பெரிதாகி, மறு வருஷம் மாநிலமே சட்டம் போட்டது: பனிப்புயல் வரப்போகிறது என்றால் அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பனி அள்ளித் தருகிறேன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க எந்த அனுமதிச் சீட்டும் வேண்டாம் என்று. இதைக் கணவரிடம் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஊரில் இப்படி ஏதாவது விதி இருக்கிறதா என்றும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை வாசல் கூட்டுகிற வேலை என்று அவர் சொல்வதே சரியில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள ஒரு டிரைவ்வேயில் (தெருவிலிருந்து வீடு வரை கார் வரும் பாதையில்) 20 சென்டிமீட்டர் பனி விழுந்திருந்தால் அது 6 கன மீட்டர். பூப்போல இருக்கிற புதுப் பனியே கன மீட்டருக்கு 100 கிலோ வரை வரும், அதாவது 600 கிலோவை ஒரு பையன் காலையில் பள்ளிக்கூடம் போவதற்குள் ஓரமாகச் சேர்க்கிறான். ஈரப் பனி என்றால் இது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும். எல்லாம் முடித்து நிமிரும்போது தெருவில் பனி வாரும் வண்டி வந்து, தெருப் பனியை எல்லாம் கல்லும் கட்டியுமாக டிரைவ்வே வாயில் தள்ளிவிட்டுப் போகும். அதையும் திரும்ப முதலிலிருந்து அள்ள வேண்டும்.

என் அக்கா வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன்தான் வருவான், 15 வயது இருக்கும். ஒருநாள் வேலை முடிந்ததும் கதவைத் தட்டினான், காசுக்காக என்று நினைத்து பர்ஸை எடுத்துக்கொண்டு போனேன். "கடைசிப் படியில் ஐஸ் பிடித்திருக்கிறது, சுரண்டிப் பார்த்தேன் வரவில்லை, உப்பு போட்டிருக்கிறேன். அரை மணி நேரம் கழித்து வந்து எடுத்துவிடுகிறேன், அதுவரை பாட்டியை இந்தப் பக்கம் இறங்க விடாதீர்கள்" என்றான். சொன்ன மாதிரியே வந்து, குனிந்து உட்கார்ந்து அந்தப் படியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனான். எங்கள் அம்மாவுக்கு அப்போது 70 தாண்டிவிட்டது. அந்தப் பையனுக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? வேலைதான்.

உங்கள் பங்குக்கு நீங்கள் பார்க்க வேண்டியது அவன் பத்திரத்தை மட்டும்தான். முடிந்த வரை தள்ளட்டும், தூக்க வேண்டி வந்தால் முழங்காலை மடக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, இடுப்பைத் திருகாமல். கையுறை இரண்டு ஜோடி கொடுத்து அனுப்புங்கள், ஒன்று நனைந்துவிடும். விரல் வெளுத்து மரத்துப்போனால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. பனி வாரும் மெஷினை இந்த வயதில் தொட வேண்டாம் என்பேன், அடைத்துக்கொண்ட பனியை எடுக்கக் கையை விட்டு விரலை இழந்த பெரியவர்களே நிறைய, எஞ்சினை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் சுழல் தகடு சட்டென்று சுழலும். அப்புறம், தெருவோரப் பனிக்குவியலில் ஏறி உட்காருவதோ குடைந்து விளையாடுவதோ வேண்டவே வேண்டாம், பனி வாரும் வண்டியை ஓட்டுகிறவருக்குக் குவியலுக்குள் ஆள் இருப்பது தெரியாது.

கேள்வி: எனக்கு 15 வயது. ஒரு அங்கிள் வீட்டில் பனி அள்ளினேன். முடித்த பிறகு, நடைபாதையை நீ சரியாகச் செய்யவில்லை என்று சொல்லிப் பேசின காசில் பாதிதான் கொடுத்தார். நடைபாதையும் உண்டு என்று அவர் முதலில் சொல்லவே இல்லை. என்ன செய்வது? (ஒரு மாணவன்)

பதில்: உன் மேல் தப்பில்லை தம்பி, ஆனால் பேச்சு சரியாகப் பேசப்படவில்லை. இனிமேல் பனி அள்ளும் ஷவலைக் கையில் எடுக்கும் முன்னாலேயே அவரோடு சேர்ந்து ஒரு நடை நடந்து, டிரைவ்வே, நடைபாதை, வாசற்படி, வண்டி தள்ளிவிட்டுப் போகிற அந்த ஐஸ் மேடு, எதெல்லாம் சேர்த்தி என்று கை காட்டிக் கேட்டுவிடு. உப்பு யாருடையது என்றும் கேள். சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது, அன்றைக்கு ஐஸ் கரையவில்லை என்றால் அது உன் குற்றம் ஆகிவிடக் கூடாது. எவ்வளவு காசு என்பதை வாயால் ஒரு தடவை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. போன காசை ஒருமுறை மரியாதையாகக் கேட்டுப் பார், கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடு. அடுத்த முறை அவர் கூப்பிட்டால், "முதலில் பேசிக்கொள்ளலாம் அங்கிள்" என்று சொல்.

கேள்வி: எனக்கு 64 வயது. என் வீட்டுப் பனியை நானே அள்ளுகிறேன், நல்ல உடற்பயிற்சி. பையன்களுக்கு எதற்குக் காசு? (ஒரு வாசகர்)

பதில்: ஐயா, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அந்த நேரத்தில் கையால் பாரம் தூக்கி, மூச்சைப் பிடித்து வீசும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பெரும் பனி விழுந்த அடுத்த நாள் மாரடைப்பில் ஆண்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது கூடுகிறது என்று கனடாவில் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். தூங்கி எழுந்த கையோடு ஷவலை எடுப்பது அதைவிட மோசம். இதயத்தில் ஏதாவது கோளாறோ, சர்க்கரையோ, பிரஷரோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். உடற்பயிற்சிக்கு நடை இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒரு 14 வயதுப் பையனோ பெண்ணோ கதவைத் தட்டலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கலாம், அடுத்த பனிக்கு முன்னால் நீங்களே கூப்பிட்டுப் பேசி வையுங்கள். வேலை முடிந்ததும் பேசின காசை அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள்.