தேனீக்குக் கொடுக்காத கூலி

அன்புள்ள அக்கா,

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பாகல் போட்டிருக்கிறேன். கொடி நிறையப் பூ, ஆனால் பிஞ்சு நிற்கவில்லை. நின்றதிலும் பாதி கோணல் காய். தேனீ வந்து மகரந்தம் சேர்க்காததுதான் காரணம் என்கிறார்கள். தேனீ அழிந்தால் உலகத்துக்கு ஆண்டுக்கு 577 பில்லியன் டாலர் நட்டம் என்று படித்தேன். தேனீ போனால் நான்கே ஆண்டில் மனித இனமும் போய்விடும் என்று ஐன்ஸ்டைன் சொன்னாராமே? செல்போன் டவர்தான் காரணமா? தேனீப் பெட்டி வாங்கி வைப்பதா, ஆள் விட்டுக் கையால் மகரந்தம் தடவுவதா, எது கட்டுப்படியாகும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஐன்ஸ்டைன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. டவரையும் விடுங்கள். நெல்லுக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் தேனீ வேண்டியதில்லை. ரேஷன் அரிசி வந்துகொண்டுதான் இருக்கும். குறையப்போவது காயும் பழமும்.

அந்த 577 பில்லியன், ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அறிவியல் குழு 2016இல் தந்த கணக்கு. மகரந்தம் சுமக்கும் உயிர்களை நேரடியாக நம்பியிருக்கும் விளைச்சலின் மதிப்பு ஆண்டுக்கு 235 முதல் 577 பில்லியன் டாலர் என்றார்கள். அது நட்டக் கணக்கு அல்ல. நட்டம் என்று வரும்போது அது உலகத்தின் தலையில் சமமாக விழுவதில்லை, உங்கள் தலையில்தான் விழும். உங்கள் தோட்டத்தில் காய் குறைந்தது என்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் யாரும் விலையை ஏற்றித் தரமாட்டார்கள். கோணல் காயைத் தனியே ஒதுக்கி, வாய்க்கு வந்த விலையைச் சொல்வார்கள். விதை, பந்தல், உரம், பறிப்புக் கூலி எல்லாம் முழுசாகக் கொடுத்தாகிவிட்டது. வரவு மட்டும் பாதி.

கையால் தடவலாமா என்கிறீர்கள். சீனாவில் மாவோ பகுதி ஆப்பிள் விவசாயிகள் அதைப் பல வருடம் செய்தார்கள். ஆட்கள் மரமேறிப் பூப்பூவாகத் தடவினார்கள். கூலி ஏறியதும் கட்டுப்படியாகாமல் பலர் ஆப்பிளை விட்டு பிளம், வால்நட் என்று மாறிப்போனார்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கூலியை அம்மா கொடுத்தாள். காங்கயம் பக்கம் எங்கள் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருந்தது. அதில் கோவைக்கொடி, பிரண்டை, இடையிடையே ஆவாரம், பட்டுப்போன முருங்கைக் கட்டை. அந்தக் கட்டையைத் துளைத்துக் கருவண்டு குடியிருக்கும். வேலி இடத்தை அடைக்கிறது என்று அப்பா அதை வேரோடு பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தார். சுற்றிலும் மூன்றடி நிலம் கூடக் கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகுதான் பூசணி காய்ப்பு விழுந்தது. பூசணிப் பெண்பூ விடியலில் விரிந்து உச்சிக்கு முன்பே வாடிவிடும், மறுநாள் விரியாது. அதனால் அம்மா இருட்டோடு எழுந்துபோய் ஆண்பூவைக் கிள்ளி இதழை உரித்து ஒவ்வொரு பெண்பூவிலும் தடவுவாள். அப்புறம் வந்து சோறாக்குவாள். பூசணி விற்ற கணக்கில் அம்மாவின் அந்த விடியற்காலைகளுக்கு அப்பா ஒரு பைசா எழுதியதில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். காட்டுத்தேனீக்கும் வண்டுக்கும் நாம் ஒரு கூலி கொடுத்துக்கொண்டிருந்தோம். வேலியும், உழாத வரப்பும், பட்ட மரமும்தான் அந்தக் கூலி. தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. மண்ணில் வளை தோண்டித் தனியாக முட்டையிடுபவைதான் அதிகம். வரப்பைச் சுரண்டிக் களைக்கொல்லி அடித்தால் அவை எங்கே போகும்? கத்தரிப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். உடலை அதிரவைத்து அதன் மகரந்தத்தை உதிர்க்கக் கருவண்டுக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். பெட்டித் தேனீக்கு அந்த வேலை தெரியாது. வேலியை இடம் அடைக்கிற செடி என்று பார்க்கிறவன் தன் வேலையாட்களின் வீட்டை இடிக்கிறான்.

சரி, பெட்டி. கலிபோர்னியாவில் பாதாம் பூக்கும் பிப்ரவரியில் நாடெங்கிலுமிருந்து 20 லட்சத்துக்கும் மேலான பெட்டிகளை லாரியில் கொண்டுவருகிறார்கள். பெட்டிக்கு ஏறத்தாழ 200 டாலர் வாடகை. அங்கே தேனீ ஏற்கெனவே செலவுக் கணக்கில் ஏறிவிட்டது. இங்கே, 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் பெயர் கொண்ட சாக்புரூட் என்ற வைரஸ் வந்து மார்த்தாண்டம் பக்கம் பெட்டி பெட்டியாகப் புழுக்கள் செத்தன. ஒரே இனத்தைப் பெட்டியில் அடைத்து நம்புவது அவ்வளவு ஆபத்து. வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அடிக்கிற மருந்தில் அதுவும் சாகும்.

இவ்வளவு நீளக் கடிதத்தில் மருந்தைப் பற்றி ஒரு வரி இல்லையே தம்பி! பாகல் பூ விடிகாலையில் விரிவது. காலையில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் வேலைக்கு வந்தவர்கள் மேலேயே விஷம் தெளிக்கிறீர்கள். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், குளோத்தியானிடின் என்ற மூன்று பூச்சிமருந்துகளையும் தேனீக்குக் கேடு என்று திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டது. மருந்துக்கடை பில்லில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். என்ன அடித்தீர்கள், எத்தனை மணிக்கு, உங்கள் வேலி எப்படிப்பட்டது? இந்த மூன்றையும் எழுதுங்கள், பெட்டி எத்தனை என்று அதற்கப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அக்கா