கொலோனில் ஒரு பகல்: எந்தக் கோட்டைக்குப் போகலாம்?

கேள்வி: பனாமாவின் கொலோனில் எங்கள் கப்பல் ஒருநாள் நிற்கும். காலையில் இறங்கி மாலைக்குள் திரும்ப வேண்டும். ஸ்பானியர் கோட்டை ஒன்றைப் பேருந்திலேயே போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: ஸ்பானியர் கோட்டைகள் உள்ள துறைமுக ஊரான போர்ட்டோபெலோவுக்குப் போங்கள். சாக்ரெஸ் ஆற்று முகத்துவாரத்துக் குன்றில் நிற்கும் சான் லொரென்சோ கோட்டை இதைவிட அழகுதான். ஆனால் அங்கே பேருந்து கிடையாது. போக வர டாக்சி பேசியாக வேண்டும்.

கொலோன் பேருந்து நிலையத்துக்கு நடக்காதீர்கள், டாக்சியில் போங்கள். ஊரில் வழிப்பறி பயம் உண்டு. அங்கிருந்து சபானிட்டாஸ் என்ற ஊர் வழியாகப் போகும் போர்ட்டோபெலோ பேருந்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அமெரிக்க டாலர்தான் செல்லும். சில்லறை நோட்டாக வைத்திருங்கள், 50, 100 டாலர் தாளை வாங்கத் தயங்குவார்கள். இறங்கும்போதே கடைசிப் பேருந்து எப்போது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். அதற்கு முந்தையதிலேயே திரும்புங்கள். கரையில் இறங்க உங்களுக்குத் தந்த அனுமதிச் சீட்டு கையிலேயே இருக்கட்டும்.

போர்ட்டோபெலோவில் பார்க்க மூன்று கோட்டைகள். ஊர் வாசலிலேயே சாலையோரம் சந்தியாகோ. அடுத்து, பழைய சுங்க மாளிகையை ஒட்டித் துறைமுகத்தைப் பார்த்தபடி சான் ஹெரோனிமோ. வரிசையாக இரும்புப் பீரங்கிகள் துருப்பிடித்துக் கிடப்பதை இங்கே பார்க்கலாம். நேரம் மிஞ்சினால் விரிகுடாவின் எதிர்க்கரையில் சான் ஃபெர்னாண்டோ. படகு பேசும்போது திரும்பக் கூட்டிவருவதையும் சேர்த்துப் பேசி, கூலியின் ஒரு பகுதியைக் கரை திரும்பியபின் கொடுங்கள்.

1668-ல் கடற்கொள்ளைத் தலைவன் ஹென்றி மோர்கன் சூறையாடிய சுவர்கள் இவைதான் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 1739-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி வெர்னன் ஆறு கப்பல்களோடு வந்து ஊரைப் பிடித்து, அரண்களை வெடிவைத்துத் தகர்த்தார். நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் 1750-களில் எழுந்தவை. உயர்ந்த மதிலைத் தேடிப்போனால் ஏமாற்றம்தான். தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் பீரங்கி மேடைகளே இங்கே விசேஷம். பீரங்கித் துளை வழியாகக் குனிந்து பாருங்கள். துறைமுக வாய் நேரே தெரியும்.

கட்டியிருப்பது பவளக்கல்லில். மழையில் பாசி பிடித்து வழுக்கும், விளிம்புகள் உதிரும். ஆகவே மதில்மேல் ஏறாதீர்கள், ரப்பர் செருப்பில் போகாதீர்கள். டிசம்பர் பாதி முதல் ஏப்ரல் பாதி வரை மழை குறைவு, ஆனால் நிற்காது. 2012 முதல் ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம் இது. பழுதுபார்ப்புக்காகச் சில பகுதிகளை அடைத்திருந்தால் சுற்றித்தான் போக வேண்டும். உங்கள் நாள் அக்டோபர் 21 என்றால் மட்டும் யோசியுங்கள். ஊர்த் தேவாலயத்துக் கறுப்புக் கிறிஸ்து சிலைக்கு அன்று நடக்கும் திருவிழாக் கூட்டத்தில் பேருந்தை நம்பிக் கப்பலைத் தவறவிடுவீர்கள்.