ஃபைட்டர் குஞ்சுகள் மூன்றாம் நாளில் மடிவது குறித்து

வணக்கம். ஓசூரில் தாங்கள் வளர்க்கும் ஃபைட்டர் மீன்களின் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய மூன்றாம் நாளே மடிவதாகவும், அவித்த முட்டையின் மஞ்சள்கருவை மட்டுமே கொடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊர்க் குளிரைவிட அந்த மஞ்சள்கருவையே நான் முதலில் சந்தேகிப்பேன். அசையாத இரையைக் குஞ்சுகள் பெரும்பாலும் தீண்டுவதில்லை, மிஞ்சியது அழுகி நீரைக் கெடுத்துவிடும். இணை சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே, பழைய தொட்டி நீரில் காய்ந்த வாழையிலையை ஊறவைத்து நுண்ணுயிர்களைப் பெருக்கி, முதல் சில நாள்களுக்கு அதையும், பிறகு முட்டையிலிருந்து அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சுகளையும் கொடுங்கள். குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தியதும் ஆண்மீனை எடுத்துவிட வேண்டும். நீர் 27 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகும் முதல் சில வாரங்களில், உங்கள் ஊர் மார்கழிக் குளிர்காற்று நீர்ப்பரப்பில் படாதபடி தொட்டியைக் கண்ணாடியால் மூடிவையுங்கள். நான் ஒருமுறை மூடாமல் விட்டு ஓர் ஈற்றுக் குஞ்சுகள் முழுவதையும் இழந்தேன்.