பொங்கல் வரை சம்பளம் கூட்ட முடியாது; ஊழியர்களை எப்படி உற்சாகமாக வைத்திருப்பது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். 15 பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள். பொங்கல் வரை சம்பளம் கூட்ட வழியில்லை. அதிகச் செலவில்லாமல் அவர்களுக்கு என்ன செய்து தரலாம்?

பதில்: உட்கார ஸ்டூல், சுத்தமான கழிப்பறை, நிம்மதியாகச் சாப்பிட இடமும் நேரமும்: இவற்றைச் சலுகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஸ்டூல் இல்லையென்றால் முதலில் அதை வாங்கிப் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சம்பளமும் வேலையிட வசதியும் குறைந்தால் மனக்கசப்பு வரும், ஆனால் அவை இருப்பதால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது என்றார் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், 1959-இல். பாராட்டும் பொறுப்பும்தான் ஊக்கம் தரும் என்பது அவர் கருத்து. கடை ஊழியர்களைப் பொறுத்தவரை அதோடு நேரத்தையும் சேர்ப்பேன்.

யாருக்கு என்றைக்கு லீவு என்பதை இரண்டு வாரம் முன்பே எழுதி ஒட்டுங்கள். தங்களுக்குள் மாற்றிக்கொள்ள உங்களிடம் கெஞ்ச வேண்டாம், தகவல் சொன்னால் போதும் என்று வையுங்கள். தொலைவிலிருந்து வருபவர்களை முறைவைத்து இரவு ஏழரைக்கே அனுப்பலாம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட முடிவது அவர்களுக்குப் பெரிய விஷயம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் சம்பளம் பிடிக்காமல் இரண்டு மணி நேரம் பர்மிஷன். தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரி நடக்கும் நாளில் பாதிப் பேருக்குக் காலை, பாதிப் பேருக்கு மாலை லீவு. புயல் எச்சரிக்கை வந்தால் மதியமே அனுப்பிவிடுங்கள், அன்றைய சம்பளத்தில் கை வைக்காதீர்கள். 2011-இல் 'தானே' புயல், 2024-இல் 'ஃபெஞ்சல்' புயல் என்று பார்த்த ஊர் இது. அந்த மழையில் வியாபாரமும் நடக்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் அனுப்பி வைத்ததை அவர்கள் வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

அடுத்தது பொறுப்பு. எந்த நிறம் கேட்டு வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புகிறார் என்பது சேலைப் பிரிவில் நிற்பவருக்குத்தான் தெரியும். அதை எழுத ஒரு நோட்டு கொடுங்கள். சேலம் பக்கம் இளம்பிள்ளை ஊருக்குச் சரக்கெடுக்கப் போகும் முன் அவரோடு உட்கார்ந்து அதைப் புரட்டுங்கள். "நல்லா பண்றீங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "நீங்க சொன்ன மாம்பழ மஞ்சள் அத்தனையும் போயிடுச்சும்மா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிப் பாருங்கள்.

'மாதத்தின் சிறந்த ஊழியர்' படம் மாட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இவ்வளவு சிறிய கடையில் மற்ற 14 பேர் முகமும் வாடும்.

இவற்றைத் தீபாவளி போனஸுக்கு ஈடாகக் காட்டவே கூடாது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்ற போனஸ் சட்ட விதி பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குத்தான். ஆனாலும் வருடா வருடம் கொடுத்துவந்ததை நிறுத்தினால், மேலே சொன்ன எதற்கும் மதிப்பிருக்காது. சம்பள உயர்வையும் பூசி மெழுகாதீர்கள். பொங்கலுக்குப் பிறகு கூட்டுவதாக இருந்தால் எந்த மாதம், எவ்வளவு என்று சொல்லுங்கள். முடியாது என்று தெரிந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.